வேலை செய்யும் கார்டைக் கழிப்பது எப்படி

ஒரு பொருளை முறைப்படி வாங்குவதற்கு எத்தனை வழிகள் உண்டோ அத்தனையும் எனக்குத் தெரியும். முறைப்படி வாங்காமல் இருப்பதற்கு அதைவிட அதிக வழிகள் உண்டு, அவையும் தெரியும். முப்பத்திரண்டு வருடம் அரசாங்கக் கொள்முதல் பிரிவில் உட்கார்ந்து சேர்த்த அறிவு இது. ஓய்வு பெற்றுச் சிதம்பரத்துக்கே திரும்பியபோது, இனி இந்த அறிவைக் கேட்டு யாரும் வரமாட்டார்கள் என்று என் மனைவி நிம்மதியாக இருந்தாள். அந்த நிம்மதியைக் கெடுத்தவன் அவளுடைய தம்பி.

மச்சானுக்குக் கடலூர் மஞ்சக்குப்பத்தில் பம்பு செட் கடை. அதோடு அங்கே ஒரு சிறிய அறக்கட்டளை மருத்துவமனைக்குப் பொருளாளர். யார் எதைக் கேட்டாலும் வாங்கிக் கொடுத்துவிடுகிறார்கள், ஒரு ஒழுங்கே இல்லை என்று வீட்டுக்கு வந்து முறையிட்டான். ஒரு டாக்டர் மூன்று வருடத்தில் நான்கு சுழல் நாற்காலி மாற்றியிருந்தாராம். "மாமா, நீங்க சும்மாதான இருக்கீங்க. ஒரு ரூல் புக்கு எழுதிக் குடுத்துடுங்க" என்றான். சும்மா இருப்பவன் என்று சொன்னதற்காகவே நாற்பத்தொரு விதிகள் எழுதினேன். கையோடு என்னைக் கொள்முதல் குழுவில் கௌரவ உறுப்பினராகவும் போட்டுவிட்டார்கள்.

அந்த நாற்பத்தொன்றில் எனக்கு மிகவும் பிடித்தது பதினேழாவது. "இயங்கும் நிலையில் உள்ள எந்தப் பொருளையும் கழிவுப் பட்டியலில் சேர்க்கக் கூடாது, அதற்கு மாற்றாக வேறொன்று வாங்கவும் கூடாது." இதில் ஒரு சொல்லைக்கூட நகர்த்த முடியாது. நாற்காலி டாக்டர் நகர்த்திப் பார்த்தார். அவருடைய நாற்காலி இப்போது சுழல்வதில்லை; ஆனால் அதில் உட்கார முடிகிறது. உட்கார முடிந்தால் நாற்காலி இயங்குகிறது என்று பொருள் என நான்தான் தீர்ப்பு எழுதினேன்.

மூன்று மாதத்துக்கு ஒரு முறை சர்க்கரை பார்க்க அந்த மருத்துவமனைக்கே போவேன். சிதம்பரத்தில் தெருவுக்கு ஒரு லேப் இருக்கும்போது, வெறும் வயிற்றோடு ரயிலேறிக் கடலூர் போய் ரத்தம் கொடுப்பானேன் என்று மனைவி கேட்பாள். என் விதிகள் நடைமுறையில் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டாமா?

போன மழைக்காலத்தில் அப்படிப் போன அன்று ரத்தம் கொடுத்துவிட்டு மாடி வராந்தாவில் உட்கார்ந்தேன். காய்ச்சல் சீசன். பெஞ்சு முழுக்க ஆட்கள், பாதிப் பேர் மடியில் போர்த்திய குழந்தை. மணி எட்டு ஆனது, ஒன்பது ஆனது. ஜன்னலில் கேட்டவர்களுக்கெல்லாம் உள்ளிருந்து ஒரே பதில்: "ரிசல்ட் மிஷின்ல வந்துடுச்சு, கம்ப்யூட்டர்லதான் வரல." பத்தரைக்கு எனக்கும் அதே பதில். நான் திரும்பிப் போகும் ரயில் அதற்குள் பரங்கிப்பேட்டையைத் தாண்டியிருக்கும்.

மச்சானிடம் சத்தம் போட்டேன். அவன் எதிர்த்துச் சத்தம் போடாததுதான் ஆச்சரியம். மேசை இழுப்பறையிலிருந்து பளபளப்பான ஒரு கோப்பை எடுத்துக் காட்டினான். வெளியூர் கம்பெனி ஒன்று. லேபை அவர்களிடம் ஒப்படைத்துவிட்டால் இங்கே ரத்தம் எடுக்கும் மேசை ஒன்று மட்டும் இருக்கும். குப்பிகள் காரில் சென்னைக்குப் போகும். ரிசல்ட் போனில் வரும். லேபில் இருக்கும் பதினோரு பேருக்கும் வேலை இருக்காது. மாதக் கடைசியில் குழு கூடும்போது இதுதான் முதல் பொருள்.

"சர்வர் ஸ்லோன்னாங்க, போன வருஷம் புது சர்வர் வாங்கிக் குடுத்தோம். இப்பவும் ஸ்லோன்றாங்க. நான் இன்னா மாமா செய்யறது?" என்றான்.

புது சர்வரும் பழைய சர்வரும் ஒரே வேகத்தில் ஓடுகின்றன என்றால், கோளாறு சர்வரில் இல்லை என்பது பௌதிகம் படித்தவனுக்குத் தெரிய வேண்டும். நான் பௌதிகம் படித்தவன். ஆனால் அதற்குப் பிறகு முப்பத்திரண்டு வருடம் கோப்பு படித்துவிட்டேன். ஆகவே வேறொருவர் சொல்லித்தான் தெரிந்தது.

சொன்னவள் லேபின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் பெண். அந்தப் பதினோரு பேரில் ஒருத்தி. முப்பத்தைந்து வயது இருக்கும். கடற்கரைத் தேவனாம்பட்டினத்துக்காரி. டிப்ளமோ முடித்து, வேலை பார்த்துக்கொண்டே அஞ்சல் வழியில் பட்டமும் வாங்கியவள். அவளுடைய இடம் மாடிப்படிக்குப் பின்னால், முன்பு துவைத்த விரிப்புகள் அடுக்கிவைத்திருந்த சின்ன அறை. நான் போனபோது சர்வர் அலமாரிக்குள் கையை விட்டு, மருந்துப் பெட்டிகளில் வருமே, 'தின்னாதே' என்று எழுதிய சின்னச் சின்ன வெள்ளைப் பொட்டலங்கள், அவற்றை மாற்றிக்கொண்டிருந்தாள். ஈரம் உறிஞ்சும் பொட்டலங்கள். லேபுக்கு வரும் ஒவ்வொரு பெட்டியிலிருந்தும் எடுத்துச் சேர்த்து, மாதம் ஒரு முறை பழையதை எடுத்துவிட்டுப் புதியதை வைப்பாளாம். கடற்காற்றில் இரும்பு என்ன ஆகும் என்று அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. இதற்கு எந்த விதியும் இல்லை. நான் எழுத மறந்திருந்தேன்.

மச்சான் கதவில் சாய்ந்துகொண்டு, "மாமாவுக்குப் புரியற மாதிரி சொல்லும்மா, ரூல் புக்கு எழுதுனவரு" என்றான். அவள் என்னைக் கொஞ்சம் கூர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையின் பொருள் அப்புறம்தான் விளங்கியது.

விஷயம் இது. லேபில் எட்டு மிஷின்கள். ஒன்று ரத்த அணுக்களை எண்ணும், ஒன்று சர்க்கரையும் உப்பும் பார்க்கும், இப்படி. வெளியே பார்க்கப் புது மாதிரி இருந்தாலும் எல்லாம் பேசுவது பழைய முறையில்: ஒரு ஒயரில், ஒவ்வொரு எழுத்தாக, வரிசையாக. அந்த மாதிரி ஒயரைச் செருகும் வாய்க்கு சீரியல் போர்ட் என்று பெயர். இந்தக் காலத்து சர்வரில் அது ஒன்று இருந்தாலே அதிசயம். அதனால் எட்டு வாய் உள்ள ஒரு கார்டை வாங்கி சர்வருக்குள் செருகி, எட்டு மிஷினின் ஒயரையும் அதில் கொண்டுவந்து சேர்க்கிறார்கள். எட்டு மிஷினும் பேசுவது அந்த ஒரு கார்டு வழியாகத்தான்.

"வார்டுல இருந்து ரத்தம் எடுத்தா, ஆயா எப்படி சார் மேல கொண்டாருவாங்க?" என்று கேட்டாள்.

ராக்கில் வைத்து, என்றேன். ஒரு ராக்குக்கு ஐம்பது குப்பி.

"நம்ம கார்டுகிட்ட ராக்கே கிடையாது சார். ஒரு குப்பிய எடுத்துக்குனு மாடி ஏறி வரும், மணி அடிக்கும். சர்வர் செய்யற வேலைய உட்டுட்டு எழுந்து வந்து வாங்கிக்கும். திருப்பி இறங்கிப் போயி அடுத்த குப்பி. எட்டு வார்டுக்கும் இப்படியே. சர்வர் எங்க சார் உக்காரும்?"

அதோடு முடியவில்லை. சர்வர் எழுந்து வருவதற்குள் அடுத்த எழுத்து வந்துவிட்டால், முந்தியது கீழே விழுந்துவிடும். ஒவ்வொரு ரிசல்ட்டின் கடைசியிலும் மிஷின் ஒரு கூட்டுத்தொகை அனுப்புகிறது. எழுத்து விழுந்திருந்தால் தொகை ஒத்துவராது, சர்வர் 'திரும்பச் சொல்' என்கிறது, மிஷின் முதலிலிருந்து சொல்கிறது, மறுபடியும் விழுகிறது. ஆறு முறை சொல்லிப் பார்த்துவிட்டு மிஷின் கோபித்துக்கொண்டு பேச்சை நிறுத்திவிடும். பிறகு லேப் பெண் ஒருத்தி எழுந்து போய்ப் பொத்தானை அழுத்தி மிஷினைச் சமாதானம் செய்ய வேண்டும். ரிசல்ட் மிஷினில் வந்துவிட்டது, கம்ப்யூட்டரில்தான் வரவில்லை என்பது இதுதான்.

இதெல்லாம் அவளுடைய ஊகமாக இருந்திருந்தால் நான் எழுந்து வந்திருப்பேன். அவள் ஒரு நீள நோட்டை எடுத்து வைத்தாள். மூன்று வாரம், ஒவ்வொரு அரைமணிக்கும், ஒவ்வொரு மிஷினும் எத்தனை முறை 'திரும்பச் சொல்' வாங்கியது என்று கட்டம் போட்டு எழுதியிருந்தாள். காலை ஏழிலிருந்து பத்துவரை கட்டங்கள் நிறைந்து வழிந்தன. மத்தியானம் வெறிச்சோடிக் கிடந்தன. ஒரு மிஷின் பழுது பார்க்கப் போயிருந்த இரண்டு நாளும் மற்ற ஏழின் எண்ணிக்கை குறைந்திருந்தது. என் சர்வீஸில் எத்தனையோ தொழில்நுட்பக் குறிப்புகள் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் யாரை நம்ப வேண்டும் என்று சொல்லும். இந்த நோட்டு யாரையும் நம்பச் சொல்லவில்லை.

போன வருடம் சர்வரை மாற்றியபோதே கார்டையும் மாற்றியிருக்கலாமே என்று கேட்டேன்.

அவள் நீள நோட்டை மூடி ஓரமாக வைத்தாள். பிறகு, மிக மரியாதையாக, "கேட்டேன் சார். விதி பதினேழுன்னு திருப்பி அனுப்பிட்டாங்க" என்றாள்.

கார்டு இயங்கும் நிலையில் இருந்தது. இயங்கும் பொருளுக்கு மாற்று வாங்கக் கூடாது. எனவே பழைய சர்வரிலிருந்து அந்தக் கார்டைப் பத்திரமாகக் கழற்றி, புது சர்வரின் இடுக்கில் பொருந்தாததால் அதற்கென்று ஒரு இணைப்புத் துண்டும் வாங்கி, விதிப்படி மாட்டியிருந்தார்கள். திருப்பி அனுப்பிய குறிப்பில் யார் கையெழுத்து என்று நான் கேட்கவில்லை. மச்சான் கேட்டான். கேட்டுவிட்டு வராந்தாவில் போய்ச் சிரித்துவிட்டு வந்தான். "நாற்காலி கேஸ் மாதிரியே மாமா. சுத்தாது, ஆனா உக்காரலாம்."

சிரித்து முடித்ததும் அவனே ஒரு வழி சொன்னான். கார்டு கெட்டுவிட்டது என்று அவள் ஒரு சான்று எழுதிக் கொடுத்தால் போதும். அந்தச் சான்றைச் சரிபார்க்க இந்த ஆஸ்பத்திரியில் வேறு ஆள் கிடையாது. அவள் எழுத மாட்டேன் என்றாள். "அது கெடல சார். ரெண்டு மிஷின் இருந்தப்ப வாங்குனது. ரெண்டுக்கு நல்லாத்தான் ஓடுது."

"அப்ப கழட்டும்போது கை தவறிக் கீழ உட்டுடு. அதுக்கு இன்னா?"

"கை தவறிடுச்சுன்னு எழுதணும்னா கை தவறணும் சார். எனக்குத் தவறாது."

கர்வமாகச் சொல்லவில்லை. இன்றைக்குச் செவ்வாய்க்கிழமை என்பதுபோலச் சொன்னாள். இந்தப் பெண்ணின் வேலை, அவளுடைய பத்து சகாக்களின் வேலை, மாதக் கடைசியில் தொங்கிக்கொண்டிருக்கிறது. ஒரு வரிப் பொய் போதும், விஷயம் முடிந்துவிடும். அதைவிடச் சின்னக் காரணத்துக்கு அதைவிடப் பெரிய பொய்களில் நான் ஒப்பமிட்டிருக்கிறேன், முறைப்படி.

சரி, விதியையே திருத்திவிடலாம் என்று சொல்லிக் கையேட்டைப் புரட்டினேன். நாற்பதாவது விதி: எந்தத் திருத்தத்துக்கும் முப்பது நாள் முன்னறிவிப்பு வேண்டும். கூட்டத்துக்கு இருந்தது பத்தொன்பது நாள். அவசரத்தில் யாரும் விதியை வளைத்துவிடக் கூடாது என்று நான் கட்டிய சுவர். நன்றாகத்தான் கட்டியிருந்தேன், வாசல் வைக்காமல்.

அப்போதுதான் அவள் தன் கையேட்டை எடுத்தாள். ஓரங்கள் மடிந்து, பென்சில் கோடுகளோடு இருந்தது. அந்த மருத்துவமனையில் என் கையேட்டை முழுவதும் படித்த ஒரே ஆள் அவள்தான் என்று நினைக்கிறேன். என் மச்சான் அட்டையைத் தாண்டியதில்லை. இருபத்து மூன்றாவது விதியைக் காட்டினாள். ஒரு பிரிவில் இருக்கும் பொருள் வேறொரு பிரிவுக்கு அதிகம் பயன்படும் என்றால், பொறுப்பாளர்கள் இருவரும் கையெழுத்திட்டு இடமாற்றம் செய்துகொள்ளலாம். இடம் காலியான பிரிவு புதிதாகக் கேட்கலாம். பிரசவ வார்டில் சும்மா கிடந்த இரும்புக் கட்டிலைக் கண் வார்டுக்கு நகர்த்துவதற்காக எழுதியது.

"டயாலிசிஸ்ல எடை பாக்கற மிஷின் இருக்கு சார். சிகிச்சைக்கு முன்ன ஒருதடவ, பின்ன ஒருதடவ. நர்சு பாத்துப் பாத்துக் கையால எழுதறாங்க. அதுக்கும் இதே மாதிரி ஒரு ஒயர்தான். அவுங்க பழைய கம்ப்யூட்டர்ல இந்தக் கார்டப் போட்டா, ஒரே ஒரு மிஷின், நிதானமா ஓடும். கழிக்கவே வேணாம். மாத்தி வெக்கறோம், அவ்ளோதான்." டயாலிசிஸ் பொறுப்பு நர்ஸின் கையெழுத்து ஏற்கெனவே வாங்கி வைத்திருந்தாள்.

ஒரு சட்டத்தை எழுதியவனை அதே சட்டத்தின் இன்னொரு பக்கத்தைக் காட்டி மடக்குவதைப் பலரும் என்னிடம் முயன்று பார்த்திருக்கிறார்கள். ஒப்பந்தக்காரர்கள், வக்கீல்கள், ஒரு முறை ஒரு துணைச் செயலாளர். ஒருவருக்கும் கூடிவரவில்லை. விரிப்பு அறையில் நின்றுகொண்டு, குரலை உயர்த்தாமல், ஒருத்தி செய்துவிட்டாள். எனக்கு அவமானமாக இருந்திருக்க வேண்டும். உண்மையில் மிகவும் சந்தோஷமாக இருந்தது. இத்தனை நாள் என் கையேட்டுக்கு ஒரு வாசகர் இருந்திருக்கிறார்.

அடுத்தது கார்டு தேர்வு. முதல் தடவை அதை வாங்கியபோது தேவைக் குறிப்பில் என்ன எழுதியிருந்தது என்று கோப்பில் பார்த்தேன்: "எட்டு போர்ட் கார்டு, ஒன்று." அவ்வளவுதான். இப்படிக் கேட்டால் எட்டு ஓட்டை உள்ள எதையும் கொண்டுவந்து கொடுக்கலாம், கொடுத்திருக்கிறார்கள். இவள் எழுதிய குறிப்பு ஒரு பக்கம். ஒவ்வொரு வாய்க்கும் நூறு எழுத்துக்குக் குறையாமல் தாங்கும் சேமிப்பு இருக்க வேண்டும், அதாவது ராக். ராக் பாதிக்கு மேல் நிரம்பும்போதுதான் சர்வரைக் கூப்பிட வேண்டும். நிரம்பி வழியும் நிலை வந்தால் மிஷினைப் பார்த்துக் கொஞ்சம் நிறுத்து என்று கையைக் காட்டத் தெரிய வேண்டும். எங்கள் சர்வரின் இடுக்கில் இணைப்புத் துண்டு இல்லாமல் நேராக உட்கார வேண்டும். இடி இடித்தால் ஒயர் வழியாக வரும் அதிர்ச்சியைக் கார்டோடு நிறுத்த வேண்டும். கடைசியாக, வாங்குவதற்கு முன் மூன்று நாள் சோதனைக்குத் தர வேண்டும். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஏன் என்று ஒரு வரி. அந்த 'ஏன்' என்ற பத்தியை என் முப்பத்திரண்டு வருடத்தில் எந்தப் படிவத்திலும் பார்த்ததில்லை.

மூன்று இடத்திலிருந்து விலைப்புள்ளி வந்தது. பாண்டிச்சேரியிலிருந்து ஒரு விற்பனைப் பிரதிநிதி நேரிலேயே வந்தார். நல்ல சட்டை. பதினாறு வாய் உள்ள கார்டு ஒன்றை மேசைமேல் வைத்து, எட்டுக்குப் பதினாறு தருகிறேன் என்றார். மச்சானின் முகம் மலர்ந்துவிட்டது. "ஜாஸ்தி இருந்தா நல்லதுதானம்மா? நாளைக்கு மிஷின் வாங்குனா ஆவும்."

அவள் பிரதிநிதியிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: ஒரு வாய்க்கு எத்தனை எழுத்து தாங்கும்?

அவர் கார்டு மிக வேகமானது என்றார். வேகம் கேட்கவில்லை, தாங்குவது எவ்வளவு என்றாள். அவர் மூன்று வருட வாரண்டி என்றார். அவள் காத்திருந்தாள். அவர் வெளியே போய் யாருக்கோ போன் செய்துவிட்டு வந்து, பதினாறு என்றார். வாயும் பதினாறு, எழுத்தும் பதினாறு.

அவர் போன பிறகு மச்சானிடம் சொன்னாள்: "ஆயா ஜாஸ்தி ஆனா போதாது சார். ராக்கு பெருசா இருக்கணும்." அவன் பம்பு விற்பவன், குழாய் எத்தனை போட்டாலும் தொட்டி சின்னதாக இருந்தால் என்ன ஆகும் என்று அவனுக்குத் தெரியும். அதற்குப் பிறகு பதினாறு என்ற பேச்சை எடுக்கவில்லை.

மற்ற இரண்டு கார்டுகளில் ஒன்று காகிதத்தில் எல்லாம் சரியாக இருந்தும், அதன் உலோகப் பட்டி எங்கள் சர்வரின் இடுக்கைவிட அரை விரல் நீளம். கொண்டுவந்தவர் பட்டியைக் கழற்றிவிட்டுச் சும்மா செருகிக்கொள்ளலாம் என்றார். எட்டு ஒயரின் கனமும் அதில் தொங்கும் என்று அவள் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். மிஞ்சியது ஒன்று. அது எட்டு வாய், வாய்க்கு நூற்றிருபத்தெட்டு எழுத்து. அதுதான் குறைந்த விலையா என்றால் இல்லை. ஏன் குறைந்த விலையை ஏற்கவில்லை என்று நான் கோப்பில் ஒன்றரைப் பக்கம் எழுதினேன். அதில் ஒரு பக்கம் அவளுடைய 'ஏன்' பத்தியிலிருந்து அப்படியே எடுத்தது.

மூன்று நாள் சோதனை முடிந்து கார்டு வாங்கியாகிவிட்டது. கூட்டத்துக்கு முந்திய ஒரு வாரம் அதை முழுச் சுமையில் ஓட்டிப் பார்ப்பது என்று முடிவு. திங்கள் முதல் சனி. அவளே ஒரு அளவு வைத்தாள்: மிஷினில் ரிசல்ட் வந்த இரண்டு நிமிடத்துக்குள் திரையில் வர வேண்டும், ஒரு ரிசல்ட் தாமதமானாலும் அந்த நாள் தோல்வி. இவ்வளவு கடுமையாக வேண்டாம், பதினைந்து நிமிடம் என்று வைத்துக்கொள்ளலாம் என்றேன். சென்னைக்கு அனுப்பினால் எத்தனை மணி நேரமாகும் என்று எல்லோருக்கும் தெரியும். பதினைந்து நிமிடமே போதுமானது. அவள் தலையை ஆட்டிவிட்டு இரண்டு என்றே எழுதினாள்.

திங்கள்கிழமை காலை என்னால் போகாமல் இருக்க முடியவில்லை. மழை. ரயில் தாமதமாகும் என்று பயந்து பஸ் பிடித்தேன். ஜன்னலுக்கெல்லாம் தார்ப்பாய் இறக்கியிருந்தார்கள், ரசாயன ஆலைகளின் வழக்கமான நெடியை வைத்துத்தான் குடிகாடு வந்துவிட்டது என்று தெரிந்துகொண்டேன். மாடி வராந்தாவில் பெஞ்சு நிறைய ஆட்கள். ஏழு மணிக்கு மிஷின்கள் ஓட ஆரம்பித்தன. ஏழரைக்கு ஜன்னலில் முதல் தாள் வந்தது, அடுத்தது, அதற்கு அடுத்தது. ஜன்னலுக்குள்ளிருந்து பெயர்களை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள்; பெஞ்சு காலியாகிக்கொண்டே வந்தது. விரிப்பு அறைக்குப் போய் எட்டிப் பார்த்தேன். நீள நோட்டில் அன்றைய கட்டங்களில் பூஜ்யம் போட்டுக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு பூஜ்யத்தையும் வட்டமாக, அவசரமில்லாமல். ஒன்பதரைக்கு, நன்றாக இருக்கிறதே என்றேன். "ஒரு நாள்தான சார் ஆச்சு" என்றாள்.

சனிக்கிழமை மாலை மச்சான் போனில் எல்லாம் பிரமாதம் என்றான். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து குழுவுக்கான அறிக்கையை எழுதினேன். இந்த மாதிரி அறிக்கை எழுதுவதில் எனக்கு இணை கிடையாது. படிப்பவருக்கு ஒப்புக்கொள்வதைத் தவிர வேறு வழியிருக்காது. "திங்கள் முதல் சனி வரை நடந்த சோதனையில் ஆறு நாட்கள் எல்லா முடிவுகளும் வரையறுத்த நேரத்துக்குள் வந்தன" என்று முடித்து, திங்களன்று கூட்டத்துக்கு முன்பு அவளிடம் காட்டினேன்.

நின்றுகொண்டே படித்தாள். கடைசி வரியில் விரல் வைத்தாள். "ஆறு இல்ல சார், அஞ்சு."

வியாழக்கிழமை சர்க்கரை மிஷின் இருபது நிமிடம் பேசவில்லையாம். புதுக் கார்டின் தவறு இல்லை. பழைய ஒயர்களில் ஏழை அவள் மாற்றியிருந்தாள். எட்டாவது பார்க்க நன்றாக இருந்ததால் விட்டிருந்தாள். அதன் முனையில், உள்ளே, பச்சையாகக் களிம்பு பூத்திருந்தது. உடனே கண்டுபிடித்து மாற்றிவிட்டாள். ஆனால் இருபது நிமிடம் இருபது நிமிடம்தான்.

கார்டைத்தானே சோதிக்கிறோம், கார்டு ஆறு நாளும் ஒழுங்காக இருந்தது, எனவே வாக்கியம் பொய்யில்லை என்று விளக்கினேன். முறைப்படி அது சரியான விளக்கம். கூட்டத்தில் அந்தப் பளபளப்பான கோப்பு இருக்கப்போகிறது, ஒரு தோல்வி நாளை நாமே எழுதிக்கொடுத்தால் அதைப் பிடித்துக்கொள்வார்கள், பதினோரு பேருடைய வேலை போய்விடும் என்றும் சொன்னேன்.

"தெரியும் சார். நானும் அதுல ஒருத்தி" என்றாள். "அன்னிக்கு வராந்தாவுல உக்காந்திருந்தவங்களுக்குக் கார்டா ஒயரான்னு தெரியுமா? ரிசல்ட் வரல, அவ்ளோதான். அஞ்சுன்னு போடுங்க."

பேனாவை எடுத்து அடித்து ஐந்து என்று எழுதினேன். அடித்தல் திருத்தலுக்குப் பக்கத்தில் சுருக்கொப்பமும் இட்டேன், பழக்கம்.

குழுத் தலைவர் ஓய்வுபெற்ற அறுவை மருத்துவர். அதிகம் பேசமாட்டார். அறிக்கையை மெதுவாகப் படித்தார். பளபளப்பான கோப்பு அவருடைய இடது கைப்பக்கம் இருந்தது. நான் கஷ்டப்பட்டுக் கட்டிய வாதம் எதையும் அவர் கேட்கவில்லை. நேராக அடித்தல் திருத்தலுக்கு வந்து, மீதி ஒரு நாள் என்ன ஆயிற்று என்று கேட்டார்.

அவளைக் கூப்பிட்டார்கள். வாசலிலேயே நின்று சொன்னாள். ஒயர் விஷயம், இருபது நிமிடம், எத்தனை பேர் காத்திருந்தார்கள். பிறகு யாரும் கேட்காத ஒன்றையும் சொன்னாள்: "நல்லா இருக்கற ஒயர எதுக்கு மாத்தணும்னு உட்டுட்டேன் சார். என் தப்பு."

மச்சான் தலையைக் குனிந்துகொண்டான். சிரிப்பில் அவன் தோள் குலுங்குவது எனக்குத் தெரிந்தது. அந்த மேசையைச் சுற்றி இருந்தவர்களில், நல்லா இருக்கறதை எதுக்கு மாத்தணும் என்பதை நாற்பத்தொரு விதிகளில் ஒன்றாக அச்சடித்தவன் ஒருவன்தான் இருந்தான்.

தலைவர் வேறு எதுவும் கேட்கவில்லை. வெளியூர் கம்பெனி ஏதாவது ஒரு நாள் தவறினால் அவர்கள் அறிக்கையில் அது வருமா என்று மட்டும் மச்சானைப் பார்த்துக் கேட்டார். மச்சான் பதில் சொல்வதற்குள் பளபளப்பான கோப்பை அவன் பக்கம் தள்ளிவிட்டு, என் அறிக்கையில் கையெழுத்திட்டார். லேப் இருக்கும். அடுத்த பொருள், மாடித் தண்ணீர்த் தொட்டிக்கு மூடி.

அவள் இதற்குள் போய்விட்டிருந்தாள். செய்தியைச் சொல்ல நான் மாடிக்குப் போனேன். சொன்னதும் அவள் முகத்தில் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தாள், அவ்வளவுதான். ஒரு நிமிடம் கழித்து, மற்ற பத்துப் பேரிடம் சொல்லிவிட்டு வருகிறேன் என்று எழுந்துபோனாள். லேபுக்குள்ளிருந்து சத்தம் ஒன்றும் வரவில்லை. ஆனால் ஜன்னலில் பெயர் கூப்பிடும் பெண் ஒரே பெயரை இரண்டு முறை கூப்பிட்டாள்.

பதினேழாவது விதிக்கு முப்பது நாள் முன்னறிவிப்போடு திருத்தம் கொடுத்தேன். 'இயங்கும் நிலை' என்ற இடத்தில் 'இன்றைய வேலைக்குப் போதுமான நிலை' என்று மாற்றியிருக்கிறேன். நாற்காலி டாக்டர் செய்தி கேட்டு எனக்கு வணக்கம் சொல்ல ஆரம்பித்திருக்கிறார்.

பழைய கார்டை டயாலிசிஸில் போய்ப் பார்த்தேன். எடை மிஷின் ஒன்று மட்டும் அதனிடம் மெதுவாகப் பேசிக்கொண்டிருக்கிறது. நர்ஸ் கையால் எழுதுவதில்லை.

போன வாரம் மறுபடியும் சர்க்கரை பார்க்கப் போனேன். ரத்தம் கொடுத்துவிட்டு எதிர்க்கடையில் இட்லி சாப்பிட்டு வருவதற்குள் தாள் ஜன்னலில் காத்திருந்தது. அளவு போன தடவையைவிட அதிகம். எழுத்து ஏதாவது விழுந்திருக்குமோ என்று கேட்டேன். அவள் நீள நோட்டைத் திறந்து, என் ரிசல்ட் வந்த அரைமணிக்கான கட்டத்தைக் காட்டினாள். வட்டமாக ஒரு பூஜ்யம்.

ரயிலுக்கு இன்னும் நேரம் இருந்தது. திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷன்வரை நடந்தே போனேன்.